மண்ணுக்குள் வெந்த முட்டைகள்

"மலைப் பாதைக்கு இலை வைங்க மாமா."

சாயங்காலம் குடிக்கக் கவா வேர் இடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. கூட்ட வீட்டுக்குள் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவரின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

லெய்சாலே வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளில் முட்டைக் கூடை, முழங்கால் வரைக்கும் சாம்பல். பெண்கள் அந்த வாசலுக்குள் வரக்கூடாது என்றெல்லாம் அந்தத் தீவில் கிடையாது. வரலாம், பாயில் உட்காரலாம், கேட்டால் பதில் சொல்லலாம். இலை மட்டும் கேட்கக் கூடாது. பேச்சு வந்த நாளிலிருந்து அம்மா அவள் காதில் போட்டுவைத்த நாலைந்து விஷயங்களில் அதுவும் ஒன்று. கிழங்கு இல்லையா, கேள். படிப்புக்கு உதவி வேண்டுமா, கேள். புருஷன் கை நீட்டினால் நியாயம் கேள். இலையை மட்டும் தலைவரிடம் கேட்டுவிடாதே. அது அவருக்குத் தானாகத் தோன்ற வேண்டும்.

இலை என்றால் நமேலே மரத்து இலை. சீப்புப் பல் மாதிரி இரண்டு பக்கமும் நறுக்கி வைத்தது போலிருக்கும். தலைவர் அதை எங்கே நடுகிறாரோ அந்த இடத்துக்குத் தடை விழுந்துவிட்டது. கடலோரப் பவளத் திட்டில் நட்டால் மீன் கிடையாது. தோப்பில் நட்டால் தேங்காய் கிடையாது. பிறகு அவரே வந்து, பன்றி வெட்டி, அந்த இடத்தில் நின்று தன் கையால் பிடுங்கும் வரை ஊரில் ஒரு கால் அதைத் தாண்டாது. தாண்டியதே இல்லை. ஒருமுறை தோமஸ் சித்தப்பா கவா தலைக்கேறி, விளையாட்டாக ஒரு இலையைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடல் திட்டில் குத்திவிட்டு வந்துவிட்டார். மறுநாள் அவரே எல்லோரிடமும் கையைக் காலைப் பிடித்து, நான்தான் வைத்தேன், சும்மா வைத்தேன் என்று அழுதார். தலைவரோ அப்போது தலைநகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் வருகிற வரை ஒரு மாதம் முழு ஊரும் டப்பா மீன் தின்றது. யார் நட்டார், எதற்கு நட்டார் என்பது வேறு பேச்சு. இலை இலைதான்.

தலைவர் மாசோ அவளுடைய அம்மாவின் மூத்த அண்ணன். வலது முட்டியில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உள்ள வா. தண்ணி குடி மொதல்ல."

"தண்ணி வேணாம் மாமா."

"படிச்சுட்டு வந்தா இப்படித்தான்" என்றான் ஜோஷுவா. தலைவரின் மகன், முப்பது வயது, மலை வழிகாட்டிகளுக்கெல்லாம் தலைவன் என்று தானே பேர் வைத்துக்கொண்டவன். "கடையில சோப்பு கேக்குற மாதிரி இலை கேக்குறா பாரு."

"உன்கிட்ட கேக்கல மச்சான். நீ வேரை இடி."

ரெண்டு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. தூணோரமாக உட்கார்ந்து பிய்ந்துபோன பூட்ஸ் வாரைத் தூண்டில் நரம்பால் தைத்துக்கொண்டிருந்தார். கல்மெட் என்று அவர் பேரைச் சொன்னால் அந்தப் பக்கத்துத் தீவுகளில் எல்லாம் தெரியும். இருபத்தாறு வருஷமாக ஆட்களை மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறவர். மகள் இலை கேட்டது காதில் விழாதது போல ஊசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

நாளைக் காலை சுற்றுலாக் கப்பல் வருகிறது. நாற்பது பேர் மலை ஏறப் பெயர் கொடுத்திருந்தார்கள்.

அவளுக்கு அலுப்பாக இருந்தது. நாலு நாளாக ஒரே விஷயத்தை ஒவ்வொருத்தர் வாசலிலும் போய் நின்று சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்ல அவளுக்கே அது பழைய சங்கதி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

முட்டையில் ஆரம்பித்தது. நாலு நாளுக்கு முன்னால் அம்மாவோடு நமலாவ் முட்டை தோண்டப் போயிருந்தாள். நமலாவ் கோழி அடைகாக்காது. மலையின் இடுப்பில் இருக்கும் கறுப்பு மணலில் குழி பறித்து, முட்டையை இட்டு, மூடிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். மண்ணின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தோள் வரை கையை விட்டுத் துழாவினால் முட்டை கிடைக்கும், வாத்து முட்டையை விடப் பெரிசாக. அன்று அம்மா கையை விட்டாள். "ஐயோ" என்று இழுத்துக்கொண்டாள். முழங்கை சிவந்துவிட்டது. பிறகு குச்சியால் தோண்டி எடுத்தார்கள். முதல் முட்டையை உடைத்தால் வழியவில்லை. வெந்திருந்தது. மஞ்சள் கரு மாவாய் உதிர்ந்தது.

அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "விறகு மிச்சம்டி!"

பதினாலு முட்டையும் அப்படியே. ஊரே தின்றது. மறுநாள் ஜோஷுவா ஒரு பலகையில் வெள்ளைப் பெயின்டால் 'எரிமலை சமைத்த முட்டை' என்று ஆங்கிலத்தில் எழுதி, பாதை ஆரம்பிக்கிற இடத்தில் மரத்தில் அறைந்துவிட்டான். வெளிநாட்டுக்காரர்கள் வாழையிலையில் உப்பு வைத்துத் தின்று கைதட்டினார்கள். அவனுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

லெய்சாலேவுக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. அந்த மணல் குஞ்சு பொரிக்கிற அளவுக்குச் சூடாக இருக்கவேண்டிய மணல். கறி சமைக்கிற அளவுக்கு அல்ல. கோழிக்குக்கூட அது தெரிந்திருந்தது. புதிய குழிகள் எல்லாம் ரொம்பக் கீழே, தென்னைகளுக்குப் பக்கத்தில் இருந்தன.

ஊரிலேயே முதல் பட்டம் அவளுடையது. ஃபிஜியில் ஐந்து வருஷம் இருந்து, மண்ணையும் பாறையையும் படித்துவிட்டு வந்தாள். வந்ததும் அரசாங்கத்தில் ஒரு வேலை: மலையடியில் சிமெண்ட் அறைக்குள் இருக்கும் நில அதிர்வுப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது. பெட்டி மூன்று வாரமாகச் செத்துக் கிடந்தது. பேட்டரி கேட்டு எழுதினாள். தலைநகரத்தில் இருந்து, உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. முட்டை வெந்த அன்று, சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான பள்ளிக்கூட மேட்டில் நின்று போன் போட்டாள்.

"எச்சரிக்கை நிலை ரெண்டுல இருக்கும்மா, மாத்தணும்னா பெட்டி காட்டுற எண் வேணும். எண் அனுப்புங்க."

"பெட்டி ஓடல சார். மண்ணுல முட்டை வெந்து கெடக்கு."

அந்த ஆள் சிரித்தான். கெட்டவன் இல்லை, களைத்தவன். "படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா."

நேற்று அவளும் மேலே போனாள். அப்பாவும் ஜோஷுவாவும் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பின்னாலேயே ஏறினாள். காடு முடிகிறவரை ஒன்றும் தோன்றவில்லை. காடு முடிந்து சாம்பல் வெளி ஆரம்பிக்கிற இடத்தில் எப்போதும் அவள் ஒரு நிமிஷம் நின்றுவிடுவாள். புல் இல்லை, பூச்சி இல்லை, கறுப்பாக ஒரு வெட்டவெளி. அதற்கு அந்தப் பக்கம் மலையின் வாய்.

ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு முதல் தடவை வந்தபோது, அது உறுமியதில் பாவாடையை நனைத்துவிட்டாள். வாத்தியார் திட்டவில்லை. அவரே மண்டி போட்டிருந்தார். சிவப்புக் கற்கள் தென்னை உயரத்துக்கு எழும்பி, ஒரு கணம் அப்படியே நின்று, மெதுவாக விழுந்தன. இவ்வளவு பெரிய ஒன்று தன் வீட்டுக்கு மேலே இத்தனை நாளும் இருந்திருக்கிறது, யாரும் அதைப்பற்றி வேலை வெட்டியை விட்டுவிட்டுப் பேசவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தப் பயம்தான் அவளைப் படிக்கவைத்தது. ஃபிஜியில் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். பெயர் தெரிந்தது, பயம் குறையவில்லை.

மலை எப்போதும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இருமும். உள்ளங்காலில் உதைக்கும். வந்தவர்கள் அலறுவார்கள், உடனே சிரிப்பார்கள், பிறகு ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். கீழே இறங்கி வந்து, சாப்பாட்டுக் கொட்டகையில் கிடக்கும் நோட்டில், இன்று நான் எவ்வளவு சிறியவன் என்று உணர்ந்தேன், அற்புதம் என்று எழுதுவார்கள். அந்த நோட்டைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சின்ன ஆளாக உணர்வதற்கு அவர்களுக்குக் கப்பல் ஏறி வரவேண்டியிருக்கிறது.

நேற்று மலை இருமவில்லை.

மெல்லிசாக ஒரு புகை, அவ்வளவுதான். காற்றும் இல்லை. தன் காதுக்குள் ஓடும் ரத்தம் அவளுக்குக் கேட்டது. பதினொரு பேரும் காமிராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார்கள். பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த நரைத்த தலை அம்மாள் ஒருத்தி, இவ்வளவுதானா என்று பணிவாகக் கேட்டாள்.

"வீட்டுல எல்லாரும் தூங்குறாங்க" என்றான் ஜோஷுவா. செத்தவர்கள் எல்லாம் மலைக்குள்தான் போகிறார்கள் என்பதால் ஊரில் அதை வீடு என்றுதான் சொல்வார்கள். "கவலைப்படாதீங்க. கிட்டப் போயி எட்டிப் பாக்கலாம்."

அதுதான் அவர்களுடைய முறை. அப்பா ஆரம்பித்துவைத்த முறை. மலை சத்தம் போட்டால் வெள்ளைக் கல் வரிசைக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். சும்மா இருந்தால் வரிசையைத் தாண்டி, வாயின் உள்பக்கத்தில் ஆள் உயரம் இறங்கி, பாறை மேடையில் நிறுத்துவார்கள். வந்தவர்கள் பயப்படாமல் திரும்பிப்போகக் கூடாது. சத்தம் கொடுக்காத பயத்தை ஆழம் கொடுக்கும். இருபத்தாறு வருஷமும் அது சரியாகவே நடந்தது. மலை சும்மா இருக்கிறது என்றால் அதன் வாயை எதுவோ அடைத்துக்கொண்டிருக்கலாம், அப்போதுதான் கிட்டே போகக்கூடாது என்று அவளுக்கு ஃபிஜியில் ஒரு வகுப்பில், ஒரு மத்தியான வேளையில், யாரோ சொன்னார்கள். அதை இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் சொன்னாள். அவள் சொன்னது கணக்கில்லை.

மேடைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு விரிசல் உண்டு. போன வாரம் அதன் இரண்டு பக்கமும் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். அப்போது இடையில் நாலு விரல். நேற்று மண்டி போட்டுப் பார்த்தாள். இப்போது ஒரு சாண் இருந்தது, கை முழங்கை வரைக்கும் உள்ளே போனது. உள்ளேயிருந்து சூடாக ஒரு மூச்சு வந்து கைமுடியைக் கருக்கியது. எட்டிப் பார்த்தாள். சிவப்பு எதுவும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மூடி. அதைச் சுற்றிக் கந்தகம் மஞ்சளாகப் பூத்து, நீலப் புகை அதன் மேல் தவழ்ந்துகொண்டிருந்தது. வெயில் பட்டு ஜொலித்தது. அவ்வளவு அழகை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. இன்னும் ஒரு எட்டு வைத்துப் பார்க்கவேண்டும் போல இருந்தது. அந்த ஆசை வந்ததும்தான் அவள் நிஜமாகப் பயந்தாள். நாலு காலில் தவழ்ந்து பின்னால் வந்தாள்.

அப்பா மேடையில் நின்றிருந்தார். மலையின் வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையில் மூன்று போன்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சிரிங்க, சிரிங்க. அம்மா, நீங்க கொஞ்சம் இடது பக்கம்."

இறங்கி வரும்போது கேட்டாள்.

"விரிசலைப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"தாண்டிப் போனேன்."

"அப்பா!"

"அவங்க எவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்காங்க. ஏமாந்து போயிடக் கூடாதுல்ல." அவர் கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி இறங்கினார். முட்டி போய்விட்டது, நெஞ்சில் எப்போதும் விசில் சத்தம். "நாளைக்கழிச்சு கப்பல் ஆளுங்களுக்கும் அது இப்படியே கெடந்தா, மேடைதான் காட்டணும்."

நாளைக்கழித்து என்று அவர் சொன்னது நாளைக்கு ஆகிவிட்டது.

இன்று மத்தியானம் கூடையை எடுத்துக்கொண்டு மணலுக்குப் போனாள். முட்டை தோண்டினாள். பிறகு திரும்பி வருகிற வழியில், இடுகாட்டு ஓரத்தில் நிற்கும் நமேலே மரத்தடியில் நின்றாள். சுற்றிப் பார்க்கவில்லை. கத்தியை எடுத்து இரண்டு இலையை வெட்டினாள். அதுவரை எந்தப் பெண்ணும் அந்த மரத்தில் கை வைத்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. கை பட்டால் என்ன ஆகும் என்றும் யாரும் சொன்னதில்லை. இலைக் காம்பிலிருந்து பிசின் ஒட்டியது, வேறொன்றும் ஆகவில்லை. மடித்துக் கூடையின் அடியில் வைத்து, வாழையிலை போட்டு, அதன் மேல் முட்டையை அடுக்கினாள். மாமாவிடம் ஒருமுறை கேட்டுப்பார்ப்போம், கேட்டுவிட்டு இதை அடுப்பில் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளே தவிர, கால் வலிக்க நடந்தபோதெல்லாம் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது வேறு. சாம்பல் வெளி ஆரம்பிக்கிற இடத்தில் நட்டால், பிடுங்க மாமா நேரில் ஏறவேண்டும். இந்த முட்டியோடு அவர் ஏறி மூன்று வருஷமாகிறது. கப்பல் ஒரு பகல்தான் நிற்கும்.

"சரி, உள்ள வந்து சொல்லு" என்றார் மாசோ. "என்ன பாத்த?"

அவள் வாசலுக்குள் வந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலாக இருந்த முட்டை ஒன்றை எடுத்துப் பாயில் தட்டினாள். ஓட்டை உரித்து அவர் முன்னால் வைத்தாள். ஓரத்தில் பழுப்பாகக் கருகியிருந்தது.

"இன்னைக்கு எடுத்தது. நாலு நாளுக்கு முன்ன வெந்துதான் இருந்துச்சு. இன்னைக்குக் கருகியிருக்கு."

"இன்னொண்ணு குடு, பாக்கலாம்." ஜோஷுவா கூடைக்குள் கையை விட வந்தான்.

அவள் கூடையை இழுத்துக்கொண்டாள். "கையை எடு. நீ வித்துத் தின்னது போதும்."

"அடேயப்பா! முட்டைக்கு இந்தப் பாடா?"

மாசோ முட்டையைப் பிட்டு முகர்ந்தார். தின்னவில்லை. "மலை வெடிக்குமா?"

"தெரியாது மாமா."

"எப்ப வெடிக்கும்?"

"அதுவும் தெரியாது."

ஜோஷுவா உலக்கையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டினான். "தெரியாதுன்னு சொல்றதுக்கா அஞ்சு வருஷம் ஃபிஜில போயி இருந்துட்டு வந்த? அதை நான் இங்க ஒக்காந்தே சொல்லியிருப்பேனே!"

கூட்ட வீடே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறொரு நாளாக இருந்தால்.

"நீ தெரியும்னு சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போற. நான் தெரியாதுன்னு சொல்லிட்டு நில்லுங்கறேன். மேடை பிரிஞ்சு வருது மாமா. என் முழங்கை உள்ள போச்சு. மலை வெடிக்கவே வேணாம், சும்மா ஒரு தடவை இருமுனா போதும். மேடையோட நாப்பது பேரும் உள்ள போவாங்க. மலை வாய்க்கு முதுகு காட்டிக்கிட்டு அவங்களைப் படம் எடுக்கிறவர் யாருன்னு உங்களுக்கே தெரியும்."

யாரும் தூணோரம் பார்க்கவில்லை.

மாசோ கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்தபோது குரல் தாழ்வாக, பொறுமையாக இருந்தது. அந்தப் பொறுமைதான் அவளைக் கொன்றது.

"லெய்சாலே, இலைங்கறது அறிவிப்புப் பலகை இல்ல. அரசாங்கம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மாத்தி மாத்தி எழுதுது பாரு, அந்த மாதிரி இல்ல. நான் இலை வச்சு, ஒண்ணும் நடக்கலன்னு வையி. கப்பல் திரும்பிப் போயிடும். அது போகட்டும். அடுத்த தடவை மீன் அழியுதேன்னு நான் கடல்ல இலை வைப்பேன். அப்ப இந்த ஜோஷுவா மாதிரி ஒருத்தன், அன்னைக்கு வச்சப்ப மட்டும் என்ன ஆச்சும்பான். பிடுங்கிடுவான். அப்புறம் நம்மகிட்ட என்ன இருக்கு? போலீஸ் இருக்கா? கோர்ட் இருக்கா? அந்த ஒரு இலைதான் இருக்கு."

அவர் சொன்னது தப்பில்லை. அவளுக்கு அதுதான் எரிச்சல். வருஷக்கணக்காக ஒவ்வொருத்தரும் அவளிடம் தப்பில்லாத விஷயமாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எண் வேண்டும் என்று சொன்ன அதிகாரியும் தப்பில்லை. ஆஸ்பத்திரிக் கூரையைப் புயல் கொண்டுபோனது, கப்பல் காசுதான் அதைப் போட்டுத்தரும் என்று சொன்ன நர்ஸ் அக்காவும் தப்பில்லை.

"கப்பல் போகட்டும்" என்றார் மாசோ. "அடுத்த வாரம் நானே ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போயி விரிசலைப் பாக்கறேன். முட்டி கொஞ்சம் கேட்டா."

"அடுத்த வாரமா?"

"கல்மெட்டையே கேப்போம். அவனை விட அந்த வீட்டை யாரு பாத்திருக்கா?" அவர் தூண் பக்கம் திரும்பினார். "சொல்லு மச்சான். உனக்கு என்ன தோணுது?"

அப்பா நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தார். பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொதல் வருஷம் ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுப்பேன்" என்றார். "வர்றவங்க பாக்காத மாதிரி பாறைக்குப் பின்னால போயி. மூணு நாலு வருஷத்துல அது நின்னுச்சு. இப்ப மேல நிக்கும்போது என்ன நெனைக்கறேன் தெரியுமா? முட்டியை நெனைக்கறேன். எறங்கும்போது வலிக்குமேன்னு நெனைக்கறேன். வீட்டை நெனைக்கறதே இல்ல. என்கிட்ட கேட்டு என்ன ஆகப் போகுது? எனக்கு ஒண்ணும் தோணாது. தோணுற எடம் எப்பவோ மரத்துப் போச்சு."

ஜோஷுவா கீழே கிடந்த உலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நாளைக்கு நீங்க போகாதீங்கப்பா" என்றாள் லெய்சாலே. எல்லோர் முன்னாலும் இதைக் கேட்பதாக அவள் நினைத்திருக்கவில்லை. "நீங்க மட்டும். நான் வேற எதுவும் கேக்கல."

"நாப்பது பேரும்மா. ஆள் பத்தாது."

"சரி, போங்க. மேடையில எறங்காதீங்க. கல் வரிசைக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. அதையாவது சொல்லுங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

அவர் பூட்ஸைக் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஜோடியாக, நேராக வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொல்லியிருக்கலாம், சொல்லிவிட்டு நாளைக்கு மேலே போய் மாற்றிக்கொண்டிருக்கலாம். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள்.

"சத்தம் போட்டா வரிசைக்கு இந்தப் பக்கம்" என்றார். "சத்தம் போடலன்னா எறங்கணும். வேற எதைக் காட்டுறது?"

அவள் உரித்த முட்டையை எடுத்து வாழையிலையில் வைத்துக் கூடையில் போட்டுக்கொண்டாள். சிதறின ஓட்டைக்கூடப் பொறுக்கினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. சண்டை முடிந்தது என்ற நிம்மதி எல்லோர் உடம்பிலும் தெரிந்தது. உலக்கை மறுபடி வேரில் விழ ஆரம்பித்தது, தொம், தொம் என்று.

தானே இலை நட்டால் என்ன தண்டம் விழும் என்று அவளுக்குத் தெரியும். சாதாரணப் பன்றி போதாது. கோரைப்பல் வளைந்த பன்றியாகவே கேட்பார்கள். அது அம்மா வளர்க்கிற ஒரே பன்றி. பெண் கை வைத்த மரம் என்று அந்த மரத்தையே வெட்டச் சொன்னாலும் சொல்வார்கள். கப்பல்காரன் திரும்பி வராமலே போகலாம். மலை நாளைக்கும், அடுத்த வருஷமும் ஒரு பாவமும் அறியாதது போலப் படுத்துக் கிடக்கலாம். அப்படிக் கிடந்தால், வாழ்நாள் முழுக்க இந்த ஊரில் எந்தச் சின்னப் பையன் வேண்டுமானாலும் அவளைப் பார்த்து முட்டை என்று கூப்பிடுவான். கூப்பிடட்டும். அப்பா அந்த இலையைத் தாண்டமாட்டார். மரத்துப்போன மனிதர்தான், ஆனால் தோமஸ் சித்தப்பா நட்ட குடிகார இலைக்கே ஒரு மாதம் டப்பா மீன் தின்றவர்.

"இருந்து கிழங்கு லப்லப் சாப்பிட்டுப் போ" என்றார் மாசோ. "உங்க அத்தை அடுப்புல வச்சிருக்கா. வெறும் வயித்துல இருந்தா இப்படித்தான் கோவம் வரும்."

"வேல இருக்கு மாமா."

"பெட்டிதான் ஓடலயே, உனக்கு என்ன வேல?" என்றான் ஜோஷுவா. "கூடையில மிச்சம் எத்தனை இருக்கு? நாளைக்குக் கப்பல் ஆளுங்களுக்கு வேணும். எல்லாத்தையும் நீயே திங்காத."

"ஒண்ணும் பெருசா இல்ல."

எழுந்தாள். கூடையைத் தோளில் மாட்டினாள். வாழையிலை விலகி, பச்சையாக ஒரு சீப்புப் பல் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. மாசோ பார்த்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து முட்டித் துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே பொழுது சாய இன்னும் இரண்டு ஆள் உயரம் இருந்தது. மலை அதே மெல்லிய புகையோடு, சத்தமே இல்லாமல் நின்றது. ஆலமரத்தடியில் பாதை பிரிந்தது. இடது பக்கம் வீடு. அம்மா கிழங்கு சுரண்டிக்கொண்டிருப்பாள். லெய்சாலே வலது பக்கம் திரும்பி, ஜோஷுவாவின் பலகையைத் தாண்டி ஏற ஆரம்பித்தாள்.